நொச்சிப்பட்டி விலக்கு மண்டகப்படி

நொச்சிப்பட்டி விலக்கில் அந்த ஆண்டு டிசம்பர் இருபத்தாறாம் தேதி வரை 0.96 பேர் செத்திருந்தார்கள். ஊரில் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்புகூட இல்லை. எல்லோரும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, ஒருவரோடொருவர் வழக்கம்போலச் சண்டை போட்டுக்கொண்டு சௌக்கியமாகவே இருந்தார்கள். ஆனால் ஊர்ப்பாதை பிரியும் அந்த விலக்கில், ஆறுவழிச் சாலையின் ஓரத்தில் நின்ற கம்பத்தின் பலகையில் சிவப்பு எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. அரசாங்கப் பலகை என்பதால் நம்பாமலும் இருக்க முடியாது.

ஹெப்சிபா காரை ஓரங்கட்டிவிட்டு அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தாள். அவளுக்கு எரிச்சலாக வந்தது. சென்னையில் சாலைப் பாதுகாப்பு இலக்குப் பிரிவில் உதவி இயக்குநர் அவள். கிறிஸ்துமஸ் லீவுக்குப் பாளையங்கோட்டையில் அம்மா வீட்டுக்கு வந்தவள், நேற்று மதியம் பிரியாணித் தட்டின் முன்னால் உட்காரும்போது மேலதிகாரி வைத்தியலிங்கத்தின் போன் வந்துவிட்டது.

"லீவுல தொந்தரவு பண்றேன்னு நினைச்சுக்காதம்மா" என்று ஆரம்பித்தார். அவர் அப்படி ஆரம்பித்தால் தொந்தரவு பண்ணப் போகிறார் என்று பிரிவில் எல்லோருக்கும் தெரியும். "உங்க ஊர்ப் பக்கம்தான். நொச்சிப்பட்டி விலக்குன்னு ஒண்ணு. பதினேழே நாள்ல பாயின்ட் அறுபத்திரண்டுலேர்ந்து தொண்ணூத்தாறுக்கு ஏறியிருக்கு. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல, தினமும் சரியா ரெண்டு புள்ளி. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. சாவு இவ்வளவு ஒழுங்கா வேலைக்கு வராதும்மா. ஏதோ தில்லுமுல்லு இருக்கு. போய்ப் பாத்து ரிப்போர்ட் குடு."

பிரியாணி ஆறிப்போனது.

இந்தப் பாயின்ட் விவகாரத்தின் பூர்வீகத்தைச் சொல்லிவிட வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால், 2041இல், 'பூச்சியம் 2060' என்று ஒரு திட்ட ஆவணம் வெளிவந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். அட்டையில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டே சாலையைக் கடந்தது. அறுபதாம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சாலைகளில் ஒரு உயிர்கூடப் போகக்கூடாது என்பது தொலைநோக்கு. அதுவரை ஐந்தாண்டுக்கு ஒரு படி என்று நடுவில் இலக்குகள். அதற்கு முன்பெல்லாம் ஓர் இடத்தில் ஐந்து பேராவது செத்தால்தான் அது ஆபத்தான இடம் என்று கோப்பு நகரும். ஆட்கள் சாகும்வரை காத்திருப்பது அநாகரிகம் என்று புதிய ஆவணம் சொன்னது. ஆகவே விலக்குக்கு விலக்கு கம்பம் நட்டார்கள். மயிரிழையில் தப்புகிறவர்களைக் கம்பம் பார்க்கும். நூற்றுக்கு ஒருவர் செத்திருக்கக்கூடிய தப்பு என்றால் 0.01 சாவு என்று எழுதிக்கொள்ளும். வருஷத்தில் இதெல்லாம் கூடி ஒன்றைத் தொட்டால், யாரும் சாகாமலே அந்த இடத்துக்குச் சுரங்க நடைபாதை வந்துவிடும். தொடாவிட்டால் டிசம்பர் முடிந்ததும் பலகை மறுபடி பூச்சியத்துக்குப் போய்விடும்.

அந்த 'ஒன்று' என்ற எண்ணை ஆவணத்தில் தட்டச்சு செய்தவளே ஹெப்சிபாதான். முதலில் கால் என்றுதான் போட்டிருந்தாள். கூட்டத்தில் வைத்தியலிங்கம் முகம் சுளித்தார். "கால் சாவு, அரை சாவுன்னு மேலிடத்துல போய் எப்படிம்மா சொல்றது? முழுசா ஒண்ணு போடு. பாக்க லட்சணமா இருக்கும்" என்றார். அவள் வாதாடியிருக்கலாம். ஆனால் மணி ஒன்றரை ஆகியிருந்தது, வெளியே சாப்பாட்டுப் பொட்டலங்கள் வந்து இறங்கிவிட்டன, மீன் வறுவல் வாசனை கூட்ட அறைக்குள்ளேயே வந்துவிட்டது. காலை அழித்துவிட்டு ஒன்று போட்டாள். எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை இருந்தது. பாய்லருக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், பருப்பு வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பெயர் செல்லக்கனி என்று கடைப் பலகையிலேயே எழுதியிருந்தது.

"கம்பத்த அண்ணாந்து அண்ணாந்து பாக்கியளே, கவர்மென்டா?" என்றாள் செல்லக்கனி.

"ஆமாக்கா. ஒரு டீ குடுங்க."

"டீ தாரேன். சப்வே எப்பத் தருவிய?"

ஹெப்சிபாவின் கண் கடைச் சுவரில் மாட்டியிருந்த கரும்பலகையில் நின்றுவிட்டது. 'மண்டகப்படி விவரம்' என்று மேலே எழுதி, கீழே வரிசையாக, முறை முடித்த பதினேழு வீட்டாரின் பெயர்கள், எதிரே தேதிகள். மண்டகப்படி என்றால் அவளுக்கும் தெரியும். கோயில் திருவிழாவில் நாளுக்கு ஒரு வீட்டார் பொறுப்பு. அன்றைய பூ, பொங்கல், மேளம், விளக்கு எல்லாம் அவர்கள் செலவு. ஆனால் இந்தப் பலகையில் முதல் தேதி டிசம்பர் ஏழு. கடைசித் தேதி இருபத்துமூன்று. வைத்தியலிங்கம் சொன்ன அதே பதினேழு நாள்.

"எந்தக் கோயில் திருவிழாக்கா இது?"

செல்லக்கனி கரண்டியால் கம்பத்தைக் காட்டினாள். "அந்தா நிக்காருல்லா, அவருக்குத்தான்."

ஒளிப்பதில் அந்த ஊருக்கு நம்பிக்கை இல்லை போலிருந்தது. பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அருமைநாயகம் என்ற பெரியவர் பேப்பரை மடித்துவைத்துவிட்டு விளக்கவே ஆரம்பித்துவிட்டார். ஒரு காலத்தில் மாவட்டக் கபடி அணியில் ஆடியவராம். இப்போதும் தொடையைத் தட்டாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

"ஊரு இந்தப் பக்கம் மேடம். ரேஷன் கடை, பஸ் ஸ்டாப்பு, நூல் மில்லு எல்லாம் அந்தப் பக்கம். தெனமும் முந்நூறு பேரு ஆறு லைனத் தாண்டுதோம். எங்க ஆளுக சூதானமானவங்க. பொம்பளைய கூட்டமா நின்னு, சத்தங்குடுத்து, கைகோத்துத்தான் கடப்பாவ. அதனாலயே பாயின்ட் ஏற மாட்டேங்கு. போன வருசம் தொண்ணூத்தி நாலு. அதுக்கு முந்தி எம்பத்தெட்டு. அதுக்கு முந்தி தொண்ணூத்தி ஒண்ணு. ஒவ்வொரு ஜனவரியிலயும் மொதல்லேருந்து. கவனமா இருந்தது தப்பாப்போச்சு. சரின்னு ஊர்க்கூட்டம் போட்டோம். வீட்டுக்கு ஒரு நாள் மண்டகப்படி, வீட்டுக்கு ரெண்டு புள்ளின்னு பிரிச்சோம்."

"எப்படிய்யா?"

"கபடியில பாடிப் போற மாதிரிதான். தானா நிக்குத லாரி இருக்குல்லா, அந்த நீலக் கலர்? அது வாரப்ப ரோட்டுல இறங்கி, நான் போட்டுவெச்ச சுண்ணாம்புக் கோட்டத் தொட்டுட்டுத் திரும்பிரணும். லாரி ஒரு மீட்டர்ல நிக்கும். கம்பம் ரெண்டு புள்ளி போட்டுரும். டிரைவர் உள்ள பழைய லாரின்னா யாரும் கால வைக்கப்படாது, அது கண்டிசன். மூணு நாளு எல்லாருக்கும் பயிற்சி குடுத்தேன். ஒரு ஆளுக்குச் சுளுக்கு, வேற ஒண்ணும் இல்ல."

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. "ஒரு நாள் அந்த நீல லாரி நிக்கலன்னா?"

"நிக்கலன்னா முழுசா ஒண்ணு ஆயிரும்லா" என்றாள் செல்லக்கனி, வடையை எடுத்து எண்ணெய் வடித்தபடி. "எப்படிப் பாத்தாலும் சப்வே வந்துரும்."

அதைச் சொன்ன குரலில் கிண்டல் இருந்தது, ஆனால் முழுக்கக் கிண்டலாகவும் இல்லை. ஹெப்சிபா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஒரே ஒரு சந்தேகம் மேடம்" என்றார் அருமைநாயகம். "இருவத்தி மூணாந் தேதிக்கப்புறம் பாயின்ட் ஏறவே மாட்டேங்கு. எம் மருமகன் அரை மீட்டர் வரைக்கும் போயிட்டு வந்தான். பூச்சியம். கம்பம் ரிப்பேரா?"

இங்கேதான் ஹெப்சிபா ஒரு தப்புச் செய்தாள். படித்தவர்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது சந்தேகம் கேட்டால் வாய் சும்மா இருக்காது.

"ரிப்பேர் இல்லைங்கய்யா. அது கத்துக்கும். உங்க கால மட்டும் இல்ல, கண்ணையும் பாக்கும். வண்டியப் பாத்துக்கிட்டே இறங்குறவங்க தப்பிச்சிருவாங்கன்னு இந்தப் பதினேழு நாள்ல அது புரிஞ்சுக்கிச்சு. உங்கள ரொம்பக் கவனமான ஆளுகன்னு முடிவு பண்ணிருச்சு. வண்டியப் பாக்காம, வர்றதே தெரியாம இறங்குறவங்களத்தான் இனிமே அது ஆபத்துன்னு எடுக்கும்."

"ஓ" என்றாள் செல்லக்கனி. "பாக்காம இறங்கணும்."

"இறங்கக் கூடாதுக்கா. நான் அதுக்குச் சொல்லல."

"இல்ல, நானும் சும்மாத்தான் கேட்டேன்."

காசு கொடுக்கும்போது கல்லாவுக்கு மேலே மாலை போட்ட ஒரு படத்தை ஹெப்சிபா பார்த்தாள். நாற்பது வயதுக்காரர், மீசையை அப்போதுதான் முறுக்கிவிட்டவர் மாதிரி இருந்தார்.

"எங்க வீட்டுக்காரரு, தங்கையா" என்றாள் செல்லக்கனி. "ரோடு போட்ட புதுசுல, கம்பம் வாரதுக்கு முந்தி. மண்ணெண்ணெய் வாங்கிட்டு வந்தாரு. மொத ஆளு பேச்சிமுத்து மாமா, ரெண்டாவது ஆளு இவரு. ஆபீசுல போயி கேட்டோம். ரெண்டு பேருதான ஆயிருக்கு, அஞ்சு ஆவட்டும்னாவ. திட்டல மேடம், ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாவ. ஒக்காரச் சொல்லி, தண்ணி குடுத்து. இப்ப எம் மவ மில்லுக்குப் போறா. நாலு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு அவ ரோட்டுக்கு வாரப்ப நான் வடை போட மாட்டேன். கை நடுங்கி எண்ணெய் மேல தெறிச்சிரும்."

ஒன்று போட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்ற குரலும் மீன் வறுவல் வாசனையும் ஹெப்சிபாவுக்கு ஒன்றாக ஞாபகம் வந்தன. வெட்கமாக இருந்தது.

அடுத்த நாலு நாளும் அவள் அம்மா வீட்டு மாடியில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை எழுதி எழுதிக் கிழித்தாள். நடந்ததை அப்படியே எழுதினால் முப்பத்துநாலு புள்ளியைக் கழித்துவிடுவார்கள், ஊரைக் கறுப்புப் பட்டியலில் வைப்பார்கள். எழுதாவிட்டால் வேலை போகும். கடைசியில், ஊர்க்காரர்களின் வாக்குமூலம் வேண்டும் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு முப்பத்தொன்றாம் தேதி மறுபடி கிளம்பினாள். வருஷத்தின் கடைசி நாள். பலகை அன்றோடு பூச்சியம் ஆகிவிடும்.

மணி நாலாக ஐந்து நிமிஷம் இருந்தது. அன்றைக்கு மில் பக்கம் காரை நிறுத்தியிருந்தாள். கையில் ஒரு பை, பைக்குள் அம்மா கொடுத்துவிட்ட டிபன் பாக்ஸ். பலகையில் அதே 0.96. எதிர்ப்பக்கம் டீக்கடையைப் பார்த்தவளுக்கு அடுப்பில் புகை இல்லாதது முதலில் தெரிந்தது. அப்புறம்தான் செல்லக்கனி தெரிந்தாள்.

செல்லக்கனி சாலை விளிம்பில் நின்றாள். தலை குளித்து, பூ வைத்து, நல்ல சேலையாக உடுத்தியிருந்தாள். வண்டி வரும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்களை இறுக மூடியிருந்தாள். பின்னால் வெகு தூரத்தில் அருமைநாயகம் வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி கத்திக்கொண்டே ஓடி வந்தார். கபடி வீரர்தான், ஆனால் எழுபது வயது. வந்து சேர மாட்டார். செல்லக்கனியின் உதடுகள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது மாதிரி அசைந்தன. அவள் முதுகுப் பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. அது நீலம் இல்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு பக்க ஆவணத்தில் சாலையைக் கடக்கும் முறை பற்றி மட்டும் பதினாலு பக்கம். அதை எழுதியவளும் ஹெப்சிபாதான். நிற்க, பார்க்க, கேட்க, அப்புறம் நடக்க. அதில் ஒன்றையும் அவள் செய்யவில்லை. வலமும் பார்க்கவில்லை, இடமும் பார்க்கவில்லை. "யக்கோவ், நில்லுங்க" என்று கத்திக்கொண்டு ஓடினாள். முதல் மூன்று லைனை எப்படித் தாண்டினாள், நடுத்திட்டில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. திட்டிலிருந்து அந்தப் பக்கம் குதித்தபோது பை தோளிலிருந்து நழுவி விழுந்தது. டயர் தேயும் சத்தம் கேட்டது. சூடான காற்று ஒன்று முகத்தில் அடித்தது. டிபன் பாக்ஸ் நசுங்கும் சத்தம் மிகத் தெளிவாகக் கேட்டது.

லாரி நின்றுவிட்டது. டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "ஏம்மா, வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

சத்தம் கேட்டுச் செல்லக்கனி கண்ணைத் திறந்திருந்தாள். மூன்று எண்ணவில்லை. லாரியின் முகப்புக்கும் ஹெப்சிபாவின் முழங்கைக்கும் நடுவில் ஒரு ஜாண் இடைவெளியைப் பார்த்துவிட்டு, ஓடி வந்து அவள் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள். இழுத்த வேகத்தில் முதுகில் ஒன்று வைத்தாள்.

"ரோட்டப் பாத்து வரக் கூடாதாட்டி? படிச்சவதான நீ?" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

"நீங்க மட்டும் என்ன செஞ்சிய?" என்றாள் ஹெப்சிபா. பத்து வருஷச் சென்னைப் பேச்சு ஒரே நொடியில் போன இடம் தெரியவில்லை. "கண்ண மூடிட்டு நிக்கியளே, ஒங்க மவள யாரு பாப்பா? நான் வாய வெச்சிட்டுச் சும்மா இருந்திருந்தா ஒங்களுக்கு இந்த யோசன வந்திருக்காதுல்லா." அவளும் அழுதாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே அழுதார்கள். அருமைநாயகம் மூச்சிரைக்க வந்து சேர்ந்து, திட்ட முடியாமல் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து நின்றார். நிமிர்ந்தவர் முதலில் பார்த்தது பலகையைத்தான்.

1.02.

ஊரே கூடிவிட்டது. யாரோ மேளத்தைக்கூட எடுத்து வந்துவிட்டார்கள். மேடம் வேணுமென்றேதான் லாரி முன்னால் பாய்ந்தார்கள், ஊருக்காக உயிரைப் பணயம் வைத்தார்கள் என்று கால் மணி நேரத்தில் கதை பரவிவிட்டது. இல்லை, பார்க்காமல்தான் ஓடிவந்தேன் என்று ஹெப்சிபா எவ்வளவோ சொன்னாள். பெரிய மனுஷர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஜனவரி முதல் வாரம் வைத்தியலிங்கத்தின் அறையில் ரிப்போர்ட் மேஜைமேல் கிடந்தது. அவள் எதையும் மறைக்காமல் எழுதியிருந்தாள்.

"நடிப்புன்னு நீயே ஒத்துக்கிட்டியேம்மா. அப்புறம் எப்படிக் கழிக்காம விடுறது?"

"நடிப்புன்னு எழுதணும்னா லாரியும் நடிச்சிருக்கணும் சார். அது நிஜமாத்தான் வந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னொன்னு சார். அந்த ஒண்ணுல ஆறு புள்ளி நான். என்னைக் கழிக்கறதா இருந்தா, நான் ஏன் சாவுக் கணக்குல வர மாட்டேன்னு எனக்கு எழுத்துல குடுங்க. அப்புறம், ஒண்ணு லட்சணமா இருக்குன்னு அன்னிக்கு நீங்க சொன்னப்ப நான் சும்மா இருந்தேன். இப்ப சும்மா இருக்கப் போறதில்ல."

வைத்தியலிங்கம் கெட்டவர் இல்லை. அவருக்கும் மில்லுக்குப் போகும் வயதில் ஒரு பெண் இருந்தாள், ஐ.டி. கம்பெனிக்குப் போனாள். ரிப்போர்ட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். ஆனால் விதியை மாற்ற அவர் மனம் மட்டும் போதவில்லை. அதை நொச்சிப்பட்டியே செய்து முடித்தது. செய்தி பரவி, பிப்ரவரிக்குள் நாற்பத்தோரு ஊர்களில் மண்டகப்படி தொடங்கிவிட்டது. ஓர் ஊரில் நோட்டீஸ் அடித்து, அன்னதானமும் போட்டார்கள். மாநிலத்தின் மொத்தச் சாவுப் பலகை ஏறிய வேகத்தைப் பார்த்து மேலிடம் வெலவெலத்துப்போய், ஒரே வாரத்தில் 'ஒன்று' என்பதைக் 'கால்' என்று திருத்தியது. கால் என்று சொல்ல எவருக்கும் அப்போது கூச்சமாக இல்லை.

சுரங்க நடைபாதை ஆகஸ்டில் திறந்தது. திறப்பு விழாவுக்கு ஹெப்சிபாவை அழைத்திருந்தார்கள். இந்த முறை வலம் பார்த்து, இடம் பார்த்து, அப்புறம்தான் காரிலிருந்தே இறங்கினாள். செல்லக்கனி அவள் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் படிக்கட்டில் இறங்கும் இடத்தில் நிறுத்தினாள். மணி நாலேகால். மேலே டீக்கடையில் வடைச் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்த பெண்கள் பேசிச் சிரித்தபடி பாதைக்குள் நடந்து வந்தார்கள். அவர்களில் செல்லக்கனியின் மகளும் இருந்தாள்.

சுவரில் ஒரு கருங்கல் பதித்திருந்தார்கள். கோயில் குழல்விளக்கில்கூடப் பெயர் எழுதுகிற ஊர், சும்மா விடுமா? 'உபயம்' என்று மேலே வெட்டியிருந்தது. ஊர்ப் பொது 0.62. பதினேழு வீட்டார், தலைக்கு 0.02. கடைசியில் 'ஹெப்சிபா அம்மாள், பாளையங்கோட்டை, 0.06'. அடிக்கோடு போட்டு, மொத்தம் 3.02.

ஹெப்சிபாவுக்குச் சிரிப்பு வந்தது. பழக்க தோஷத்தில் மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டாள். "யக்கா, கூட்டல் தப்பா இருக்கே. ஒண்ணு புள்ளி பூச்சியம் ரெண்டுதான வரணும்?"

"தப்பில்லட்டி" என்றாள் செல்லக்கனி. "மேல இருந்து வாசி."

உபயம் என்ற எழுத்துக்குக் கீழே மாலை ஒன்று தொங்கியது. அது மறைத்திருந்த முதல் இரண்டு வரிகளை ஹெப்சிபா பார்த்திருக்கவில்லை. செல்லக்கனி மாலையைக் கையால் விலக்கிப் பிடித்தாள்.

பேச்சிமுத்து, 1.

தங்கையா, 1.